ரெபரி ஓடும் வாசல்

எங்கள் கல்லூரிக்குப் பந்தாட்ட அரங்கம் ஒன்று கட்டுவதென்று முடிவானதும், அதன் வரைபடத்தைப் பற்றி ரசிகர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டு எழுதித் தரும் வேலையை முதல்வர் என்னிடம் ஒப்படைத்தார். நான் அப்போது பொருளாதாரத் துறையில் டியூட்டர். சுதந்திரம் வந்து பத்து வருடம் ஆகியிருக்கவில்லை. மக்களுக்காகச் செய்வதை மக்களைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும் என்று மேடைக்கு மேடை பேசிக்கொண்டிருந்த காலம். நான் அந்தப் பேச்சைக் கேட்டுக் கைதட்டியதோடு நிற்காமல், உண்மையாகவே நம்பியவன். எந்தக் காரியத்தைத் தொட்டாலும் அதன் விளைவு யார் தலையில் போய் விடியும் என்று யோசித்துப் பார்க்கும் பழக்கமும் எனக்கு உண்டு. முதல்வர் என்னைத் தேர்ந்தெடுத்ததற்கு அதைவிட, மாலையில் எனக்கு வேறு வேலை இல்லை என்பதுதான் காரணமாக இருந்திருக்க வேண்டும்.

அரங்கத்துக்கான செலவை ஏற்றவர் கொழும்பில் கடை வைத்திருந்த உள்ளூர் முதலாளி ஒருவர். வருடத்தில் பாதி நாள் அங்கே, பாதி நாள் இங்கே. பந்தாட்டம் என்றால் அவருக்கு உயிர். அவர் விதித்தது ஒரே ஒரு நிபந்தனை.

"பந்து பார்க்குற சனத்துக்குப் பிடிக்கலைன்னா ஒரு கல்லும் வைக்கப்படாது, ஆமா."

பழைய மைதானம் எப்படி இருந்தது என்பதை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். தென்னந்தோப்புக்கும் கடலுக்கும் நடுவே கிடந்த மணற்பொட்டல் அது. கோல் கம்பங்கள் மட்டும் நிலையாக நின்றன. மற்ற எல்லைகளெல்லாம் அன்றன்று வரும் கூட்டம் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தவை. வேலி கிடையாது, மதில் கிடையாது. தெற்கே பார்த்தால் கடல்.

நான் திருவாடானைப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன். எங்கள் ஊரில் காலால் உதைக்கப்பட்ட உருண்டையான பொருள் பனங்காய் ஒன்றுதான். ஆகவே இந்த ஊருக்கு வந்த புதிதில் பார்த்த முதல் ஆட்டம் எனக்குப் பெரிய அதிர்ச்சியாக இருந்தது. கடைசி விசிலை ஊதிய மறுகணம் ரெபரி தெற்கே பார்த்து ஓடத் தொடங்கினார். தோற்ற அணியின் ரசிகர்கள் ஒரு தெருவே கிளம்பியதுபோல அவர் பின்னால் ஓடினார்கள். கைகளில் செருப்பும் குடையும் இருந்தன. ஒருவர் பெஞ்சுக் கால் ஒன்றை எங்கிருந்தோ பிடுங்கி வந்திருந்தார். கண்ணெதிரே ஒரு கொலை நடக்கப் போகிறது என்று நான் பதறி எழுந்தேன். பக்கத்தில் இருந்தவர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"உக்காருங்க சார். ஆட்டம் இன்னும் முடியலை."

ரெபரி கடலுக்குள் இறங்கி, முழங்கால் நனைந்ததும் நின்று, திரும்பினார். துரத்தி வந்த கூட்டம் தண்ணீர் ஓரத்தில் அப்படியே நின்றுவிட்டது. முழங்கால் நனைந்தவரை அடிக்கக் கூடாது என்பது அந்த ஊர் வழக்கம். கடலில் கால் வைத்த ஆளிடம் வம்பு செய்தால் கடலுக்குப் பிடிக்காது என்பது மீன்பிடிக்கிறவர்களின் காரணம். தண்ணீரில் இறங்கியவர் ஏறக்குறைய தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்த மாதிரிதான், அவர் மேல் கை வைக்கலாமா என்பது கடைத்தெரு முஸ்லிம்களின் காரணம். யாருடைய காரணமானாலும் எல்லாருடைய கால்களும் ஒரே இடத்தில் நின்றன.

அதற்குப் பிறகுதான் ஆட்டத்தின் முக்கியமான பகுதி தொடங்கியது. ரெபரி தண்ணீருக்குள் நின்றபடி, தாம் கொடுத்த ஒவ்வொரு தீர்ப்புக்கும் விளக்கம் சொன்னார்.

"ஆஃப்சைடுங்கிறது பந்தை உதைக்கிறப்ப ஆளு எங்கன நிக்கிறான்கிறதைப் பொறுத்தது. பந்து வந்து சேர்றப்ப இல்ல."

"அப்ப மொதப் பாதியில எங்களுக்கு ஏன் சார் ஊதுனீங்க?"

"உங்க ஆளு உதைக்கும்போதே அங்கன போய்க் குடியிருந்தான்யா!"

கரையில் சிரிப்பு எழுந்தது. வெயில் தணியும்வரை இப்படியே போகும். கடைசியில், யார் முன்னணியில் நின்று துரத்தினாரோ அவரே ஒரு கிளாஸ் சர்பத் கொண்டுபோய்க் கொடுத்து அவரைக் கரையேற்ற வேண்டும்.

அந்த ரெபரி உயர்நிலைப் பள்ளியின் டிரில் மாஸ்டர். ஐம்பது வயதைத் தாண்டியவர், கொஞ்சம் தொப்பை விழுந்தவர். என் ஊர்ப்பக்கத்துக்காரர் என்பதால் என்னைத் தம்பி என்றே கூப்பிடுவார். நீச்சல் தெரியாது. மற்ற நாட்களில் கடற்கரைப் பக்கமே போகமாட்டார். "முழங்காலுக்கு மேல எனக்கும் கடலுக்கும் பேச்சுவார்த்தை இல்ல தம்பி" என்பார்.

இந்த ஓட்டம் அவமானமாக இல்லையா என்று ஒருநாள் அவரிடம் கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"நான் வேற ஊர்லயும் ஊதியிருக்கேன் தம்பி, உள்ள தள்ளி. அங்கன கடல் இல்ல. சுத்திக் கருவேலங்காடு. அங்கன எனக்குக் கண்ணே தெரியாது. ஊர்க்காரன் பந்தைக் கையில எடுத்துக்கிட்டுப் போய்க் கோல்ல வச்சுட்டு வந்தாலும் எனக்குத் தெரியாது. இங்கன வந்த பெறகுதான் பார்வை வந்துச்சு. ஓட ஒரு எடம் இருக்குல்ல?"

சிரித்துக்கொண்டே சொன்னாலும் அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. கண்ணால் கண்டதைக் கண்டபடி ஊத வேண்டும் என்பதைத் தவிர அந்த மனிதருக்கு வேறு ஆசை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. அந்த ஆசைக்கு அவர் கொடுத்த விலை வாரம் ஒரு ஓட்டம்.

இனி வரைபடத்துக்கு வருகிறேன். மதுரையிலிருந்து வந்திருந்த ஓவர்சியர் அதை மிகுந்த அக்கறையோடு வரைந்திருந்தார். நான்கு பக்கமும் இரண்டு ஆள் உயரத்துக்கு மதில். சாலையைப் பார்த்து வடக்கே ஒரே ஒரு வாசல். வடக்கிலும் தெற்கிலும் கேலரிகள். வடக்குக் கேலரிக்குக் கீழே ஓர் அறை. அதற்குத் தேக்குக் கதவு, உள்பக்கம் கனமான தாழ்ப்பாள்.

"ரெபரியோட பாதுகாப்புக்குன்னே போட்டது சார்" என்று அவர் பெருமையோடு சொன்னார். நானும் மகிழ்ந்தேன். ஒரு காட்டுத்தனமான வழக்கத்தைப் படித்தவர்கள் செங்கல்லாலும் சுண்ணாம்பாலும் முடித்து வைக்கப் போகிறோம் என்றுதான் அன்று நினைத்தேன்.

கடைத்தெருவில் ஒரு டீக்கடை இருந்தது. கடைக்காரரை ஊரே காக்கா என்றுதான் கூப்பிடும். அண்ணன் என்று பொருள். கல்லூரி அணி தோற்றால் ரெபரியை முதல் ஆளாகத் துரத்துகிறவர் அவர்தான். அந்தக் கடையின் தட்டியில் நான் வரைபடத்தை மாட்டினேன். காக்கா டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு அதைப் பார்த்தார்.

"என்ன சார், மேல இருந்து பார்த்த மாதிரி போட்டிருக்கு?"

"வரைபடம் அப்படித்தான் போடுவார்கள்."

"மேல இருந்து பார்க்குறது அல்லா ஒருத்தன்தான். நம்ம சனம் பக்கத்துல இருந்துல்ல பார்க்கும்?"

நான் விளக்கிக்கொண்டிருந்தபோது மீன் விற்ற காசோடு சம்மாட்டி ஒருவர் வந்து உட்கார்ந்தார். சம்மாட்டி என்றால் சொந்தமாக வள்ளமும் வலையும் வைத்திருப்பவர். அவர் தலையைச் சாய்த்து வரைபடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நாலு பக்கமும் அடைப்பு, ஒரு பக்கம் மட்டும் வாய். மீன் உள்ள போகும், வெளிய வராது. யாரைச் சார் பிடிக்கப் போறீங்க?"

"யாரையும் பிடிக்கவில்லை. இது மதில்."

"சரி, ரெபரி எங்கிட்டு ஓடுவாரு?"

கடையில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் தயாராகத்தான் இருந்தேன். இனி அவர் ஓடவே வேண்டியதில்லை, அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளலாம், கூட்டம் கலைந்ததும் வெளியே வரலாம் என்றேன்.

"நாங்க ஏன் சார் கலையுறோம்?" என்றார் காக்கா. "தோத்தவன் வீட்டுக்குப் போயி என்ன செய்யப் போறான்? அந்தக் கதவுக்கு முன்னாடிதான் உக்காந்திருப்போம். அவரு பேசுறது எங்களுக்குக் கேக்காது. நாங்க வையிறது அவருக்குக் கேக்காது. இதுல என்ன ஞாயம் வெளங்கும்?"

"ஓட வழியில்லாத மனுசனை அடிக்கிறது பாவம் சார்" என்றார் சம்மாட்டி. "ஓட விட்டுத்தான் தொரத்தணும்."

"அடிக்காமலே இருந்துவிடலாமே?" என்று கேட்டேன்.

அவர்கள் என்னை இரக்கத்தோடு பார்த்தார்கள். "சார் உள்நாட்டு ஆளு, கடல் பழக்கம் இல்ல" என்று காக்கா எனக்காக மன்னிப்புக் கேட்பதுபோல மற்றவர்களிடம் சொன்னார். என் டீயில் ஒரு கரண்டி சர்க்கரை கூடுதலாகப் போட்டார்.

அடுத்து வந்த மாலைகளில் நான் எத்தனையோ பேரிடம் கேட்டேன். படிகளின் அகலம், நிழல், குடிதண்ணீர்த் தொட்டி என்று நான் எதைத் தொடங்கினாலும் பேச்சு தெற்கு மதிலில் போய் முட்டியது. மதிலில் திறப்பு ஒன்று வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இல்லை. எங்கே என்பதில்தான் சண்டை. ஒரு கோல் பக்கமாக வைத்தால், கடைசி விசில் மறு கோல் பக்கம் ஊதப்படும்போது ரெபரி சிக்கிக்கொள்வார். ஆகவே நட்டநடுவில்தான் வேண்டும் என்றார்கள். அகலமாக வைத்தால் அவரோடு சேர்ந்து கூட்டமும் நுழைந்துவிடும். குறுகலாக வைத்தால் அவர் தோளில் இடிக்கும். சாயல்குடியிலிருந்து ஆட்டம் பார்க்க வரும் ஒருவர், திறப்பு ரெபரியின் தொப்பைக்கு அளவெடுத்துக் கட்டப்பட வேண்டும், வேறு யாராவது ரெபரியானால் இடித்துக் கட்டிக்கொள்ளலாம் என்றார். அவர் பனங்கருப்பட்டி வியாபாரி. எதையும் அளந்து வாங்கியே பழகியவர்.

பிறகு ஒரு சாயங்காலம் காக்கா பெரிய பிரச்சினை ஒன்றைக் கண்டுபிடித்தார்.

"சார், தெக்குக் கேலரியில உக்காந்தா நமக்கு முதுகு கடல் பக்கம். ரெபரி ஓடுறதை நாங்க எப்படிப் பார்க்குறது?"

இதற்குப் பதில் சொல்ல ஓவர்சியரையே அழைத்துவர வேண்டியதாயிற்று. கேலரி என்பது விளையாட்டைப் பார்ப்பதற்கு என்று அவர் பொறுமையாகத் தொடங்கினார். அதைத்தானே நாங்களும் சொல்கிறோம் என்றார்கள். முடிவில், தெற்குக் கேலரிக்கு வெளிப்பக்கமும் படிகள் வேண்டும், மைதானத்து ஆட்டம் முடிந்ததும் உச்சிப் படி ஏறி அந்தப் பக்கம் இறங்கி உட்கார்ந்து கடற்கரை ஆட்டத்தைப் பார்க்க வசதியாக இருக்கும் என்று தீர்மானம் ஆனது. ஓவர்சியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

கடைசியாக டிரில் மாஸ்டரைக் கேட்டேன். அவர் திறப்பு இருக்கும் இடத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"கதவு போடுவாகளா தம்பி?"

"பாதுகாப்புக்கு ஒரு கதவு இருக்கலாம் என்று..."

"போடப்படாது. கதவுன்னா பூட்டு இருக்கும். பூட்டுன்னா சாவி இருக்கும். சாவி யாரு கையில இருக்கோ, அவன் அணிக்குத்தான் நான் ஊதுவேன்."

அன்றிரவு எனக்குப் பல விஷயங்கள் தெளிவானதாகத் தோன்றியது. ஒரு மனிதன் நேர்மையாக இருக்க வேண்டுமென்றால் அவனுக்கு அறிவுரை சொல்வது போதாது, தப்பிக்க ஒரு வழியையும் சமுதாயம் வைத்திருக்க வேண்டும் என்று அறிக்கையில் எழுதினேன். மதில் எழுப்பினால் அடி நிற்காது, உண்மைதான் நின்றுபோகும் என்றும் எழுதினேன். அந்த வரியில் எனக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது.

முதல்வர் கண்ணியமானவர். கோட்டும் டையும் அணிந்து உப்புக் காற்றில் வேர்த்துக்கொண்டே இருப்பார். அறிக்கையை இரண்டு முறை படித்தார்.

"முதலாளி சம்மதித்துவிட்டார். கட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் 'ரெபரி ஓடும் வாசல்' என்று அரசாங்கத்துக்கு அனுப்புகிற வரைபடத்தில் எழுத முடியுமா?"

ஓவர்சியர் யோசித்து, அந்த இடத்தில் 'காற்றோட்டத்துக்கான திறப்பு' என்று எழுதினார். வெளிப்பக்கப் படிகளுக்கு 'மண் அரிப்புத் தடுப்பு' என்று பெயர் வைத்தார். பார்வையிட வந்த அதிகாரி ஒருவர், மேலே கூரையே இல்லாத இடத்தில் காற்றோட்டத்துக்கு எதற்குத் திறப்பு என்று கேட்டாராம். இந்தப் பக்கத்துக் கடல் காற்று ரொம்பத் தாழ்வாக வரும் என்று ஓவர்சியர் பதில் சொன்னார். அதிகாரி கீழே குனிந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அரங்கம் எழும்பியது. திறப்பு விழாவுக்கு எங்கள் கல்லூரி அணியும் வாலிநோக்கத்து உப்பளத் தொழிலாளர் அணியும் மோதுவதென்று ஏற்பாடு. தலைமை தாங்க மாவட்டத்தின் பெரிய அதிகாரி ஒருவர் வருவதாக இருந்தது.

விழா அன்று மத்தியானம் போய்ப் பார்த்தேன். அதிகாரிக்கு வேர்க்கக் கூடாது என்று விழாக் குழுவினர் கவலைப்பட்டிருக்கிறார்கள். வரைபடத்தை எடுத்துக் காற்று வரும் இடம் எது என்று தேடியிருக்கிறார்கள். அது தெளிவாகவே எழுதப்பட்டிருந்தது. தெற்கு மதிலின் திறப்பை அடைத்தாற்போல் மேடை போட்டு, வாழைமரம் கட்டி, முதலாளி வீட்டு பர்மாத் தேக்கு சோபாவைக் கொண்டுவந்து நடுவில் வைத்திருந்தார்கள். ஒரு பூனை போகக்கூட வழியில்லை.

முதல்வரிடம் ஓடினேன்.

"காற்று வருகிற இடம் என்று வரைபடத்திலேயே இருக்கிறதே?" என்றார்.

"அதை நாம்தானே எழுதினோம்!"

அவருக்கு மெல்ல நினைவு வந்தது. ஆனால் அதிகாரியின் கார் சாலையில் வந்துவிட்டது. முதல்வர் டையைச் சரிசெய்துகொண்டே, "ஆட்டத்தைச் சமமாக முடிக்கச் சொல்லுங்கள். யாரும் தோற்காவிட்டால் யாரும் துரத்த மாட்டார்கள்" என்றார்.

டிரில் மாஸ்டர் மைதான ஓரத்தில் குனிந்து ஷூ கட்டிக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டுத் தெற்கே பார்த்தார். சோபாவில் அதிகாரி அமர்ந்து இளநீர் வாங்கிக்கொண்டிருந்தார். திறப்பு இருந்த இடத்தில் அவருடைய தலைப்பாகைக்கு மேல் கொஞ்சம் வானம் தெரிந்தது.

"சமமா முடிக்கிறது ஆடுறவன் வேலைல்ல தம்பி?" என்று மட்டும் சொன்னார். அவர் விரல்கள் அதே முடிச்சை மறுபடி அவிழ்த்துக் கட்டுவதைப் பார்த்தேன்.

இரண்டு அணியும் ஆளுக்கொரு கோல் போட்டிருந்தன. ஆட்டம் முடியும் தறுவாயில் எல்லாம் முதல்வர் விரும்பியபடியே போய்க்கொண்டிருந்தது. நான் மூச்சு விடத் தொடங்கியபோது, உப்பளத்து ஆள் ஒருவன் உதைத்த பந்து எங்கள் கோலை நோக்கி வந்தது. கோலுக்கு முன்னால் காவல் நின்ற எங்கள் பேக் ஆட்டக்காரன் அதைக் கையால் தட்டினான். லேசாகத்தான் தட்டினான். மேடைக்குப் பக்கத்தில் நின்ற எனக்கே தெரிந்தது.

டிரில் மாஸ்டர் பந்துக்குப் பக்கத்திலேயே நின்றார். விசில் வாயில் இருந்தது. ஊதவில்லை. அவர் தெற்கே பார்த்தார், சோபாவைப் பார்த்தார். கருவேலங்காடு சூழ்ந்த அந்த ஊரில் அவருக்குக் கண் தெரியாமல் போனது எனக்கு நினைவுக்கு வந்தது. தெரியாமல் போகட்டும் என்று நானும் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன். ஊருக்கும் கல்லூரிக்கும் அவர் எலும்புகளுக்கும் அதுதான் நல்லது என்று என் கணக்கு சொன்னது.

விசில் ஒலித்தது. பெனால்டி.

உப்பளத்தார் கோல் போட்டார்கள். பந்து நடுவே வந்தது, ஒருமுறை உதைபட்டது, கடைசி விசிலும் ஊதப்பட்டது. டிரில் மாஸ்டர் ஓடினார். வேறு எங்கே ஓடுவது என்று அவர் கால்களுக்குத் தெரியவில்லை. நேராகச் சோபாவை நோக்கியே ஓடினார். கேலரிகள் இரண்டிலிருந்தும் கூட்டம் சரிந்து இறங்கியது. முன்னால் காக்கா, கையில் செருப்பு.

மேடையை எட்டியதும் டிரில் மாஸ்டர் நின்றுவிட்டார். அதைப் பார்த்த காக்கா, ஓட்டத்தின் நடுவிலேயே இரண்டு கையையும் விரித்துக் கூட்டத்தைத் தடுத்தார்.

"ஏய், நில்லுங்கப்பா! வாசல் அடைச்சிருக்கு!"

கூட்டம் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டு நின்றது. காக்கா மூச்சிரைக்க டிரில் மாஸ்டர் பக்கத்தில் வந்தார்.

"என்ன சார் இது? இங்கன யாரு சோபா போட்டது?"

"எனக்கென்ன காக்கா தெரியும்?"

"இப்ப எப்படி ஓடுவீங்க?"

"அதைத்தான் நானும் பார்க்குறேன்."

சம்மாட்டி தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு அதிகாரியிடம் போனார்.

"அய்யா, கொஞ்சம் எந்திரிக்கணும். ரெபரி போகணும்."

"எங்கே போகணும்?"

"கடலுக்குய்யா."

"எதுக்கு?"

"இவங்க அடிக்க வாராங்கள்ல?"

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். கைகளில் செருப்போடும் குடையோடும் நூற்றுக்கணக்கானவர்கள் அடக்கமாகக் காத்து நின்றார்கள். பெரிய மனிதர் முன்னால் செருப்போடு நிற்கிறோமே என்று சிலர் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்கள்.

"இவங்களா?"

"ஆமாய்யா. நல்ல மனுசங்கதான்."

"நீங்க சிரமப்பட வேணாம் அய்யா, இருந்தமேனிக்கே இருங்க" என்றார் காக்கா. துரத்த வந்தவர்களே மேடையில் ஏறி, சோபாவை அதிகாரியோடு தூக்கி ஓரமாக இறக்கினார்கள். அவர் இளநீரைச் சிந்தாமல் பிடித்திருந்தார். முதல்வர் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. பலகைகள் பிரிந்தன, வாழைமரம் சாய்ந்தது, கடல் தெரிந்தது.

உடனே புதிய வழக்கு ஒன்று கிளம்பியது. ரெபரி இப்போது வாசலுக்கு நேர் முன்னால் நிற்கிறார், இது ஞாயமா என்று பின்னால் இருந்து ஒருவர் கேட்டார். விசில் ஊதிய இடத்திலிருந்துதான் ஓட்டம் தொடங்க வேண்டும் என்று முடிவானது. டிரில் மாஸ்டர் மறுபேச்சில்லாமல் மைதானத்தின் நடுவுக்கு நடந்தார். கூட்டம் அவருக்குப் பின்னால் பழைய தூரத்துக்குப் போய் நின்றது. யார் தொடங்கி வைப்பது என்ற கேள்வி எழுந்தது. விசில் அவரிடம்தான் இருந்தது. தம்மை அடிக்க வருவதற்கான விசிலைத் தாமே ஊதிவிட்டு அவர் ஓடினார்.

வாசலைத் தாண்டியதைப் பார்த்தேன். நானும் பின்னால் ஓடினேன். அன்று கடல் வத்தியிருந்தது. தண்ணீர் வழக்கத்தைவிட வெகுதூரம் உள்வாங்கிக் கிடந்தது. ஈர மணலுக்கு வந்ததும் அவருடைய இடது முழங்கால் மடங்கியது. அப்படியே மண்டியிட்டு விழுந்தார். தண்ணீர் இன்னும் எட்டவில்லை. கூட்டம் அவரைச் சுற்றி வளைத்துக்கொண்டது. காக்காவின் செருப்பு உயர்ந்தது.

"காக்கா, கையைக் கீழ போடு" என்று சம்மாட்டி முன்னால் வந்தார். "ஈரம் இருக்கிற வரைக்கும் கடல்தான்."

"தண்ணி எங்கன இருக்கு? அந்தா இருக்கு!"

"வத்திப் போச்சுன்னா கடல் இல்லைன்னு ஆயிருமா? ராத்திரி திரும்பி வந்து அதோட எடத்தைக் கேக்கும்ல?"

"முழங்கால் நனையணும்னுதானே பேச்சு?"

எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். ஈர மணலில் மண்டியிட்டிருந்த டிரில் மாஸ்டரின் முழங்கால்கள் நன்றாகவே நனைந்திருந்தன.

செருப்பு இறங்கியது. காக்கா அவருக்கு எதிரே மணலில் உட்கார்ந்தார். ஆஃப்சைடைப் பற்றி அன்று யாரும் கேட்கவில்லை.

"வாசல் அடைச்சிருந்தது தெரியும்ல சார்?"

"தெரியும்."

"தெரிஞ்சும் ஊதுனீங்க?"

"கை பட்டுச்சுல்ல காக்கா?"

காக்கா கடலைப் பார்த்தார். கல்லூரி அணிக்காகத் தொண்டை கிழியக் கத்திய குரல் கரகரத்துப் போயிருந்தது.

"பட்டுச்சு" என்றார்.

என் அறிக்கையில் நான் எழுதியது பாதிதான் என்று அங்கே நின்றபோது புரிந்தது. வாசல் இல்லாமலும் அந்த மனிதர் ஊதிவிட்டார். அப்படியானால் அந்தத் திறப்பு அவருக்கு மட்டும் தேவைப்பட்டதல்ல. துரத்துகிறவர்கள் மனிதர்களாகவே வீடு போய்ச் சேரவும் அது வேண்டியிருந்தது.

டிரில் மாஸ்டர் எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. காக்கா தோள் கொடுத்தார்.

"இனி என்னால ஓட முடியாது காக்கா. கால் போச்சு."

ஓட முடியாத ரெபரி என்றால் அதற்கு என்ன பொருள் என்று எல்லாருக்கும் தெரியும். ஒன்று, அவர் விசிலைக் கழற்றி வைக்க வேண்டும். இல்லையென்றால் கண் தெரியாதவராகிவிட வேண்டும்.

"மதுரையில இருந்து வேற ஆளைக் கொண்டாரலாம்" என்று ஒரு குரல் வந்தது.

"வருவான்" என்றார் சம்மாட்டி. "வந்தவொடனே தாப்பா வச்ச ரூமு எங்கன இருக்குன்னு கேப்பான்."

காக்கா டிரில் மாஸ்டரைத் தாங்கிக்கொண்டு நாலடி வைத்தார். அவர் எவ்வளவு மெதுவாக நடக்கிறார் என்பதை அந்த நாலடியில் கவனித்திருக்க வேண்டும். நின்றார்.

"நீங்க நடங்க சார். நாங்களும் நடந்தே தொரத்துறோம்."

அடுத்த ஆட்டத்திலும் கல்லூரி அணி தோற்றது. கடைசி விசில் ஊதியதும் டிரில் மாஸ்டர் விசிலைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, தெற்கே பார்த்து நடக்கத் தொடங்கினார். அவருக்குப் பின்னால், அதே தூரம் விட்டு, ஊரே நடந்தது. செருப்புகள் உயர்ந்திருந்தன. வசவுகள் வானத்தை எட்டின. ஆத்திரம் தாங்காமல் எட்டி நடை போட்ட ஒருவரைப் பக்கத்திலிருந்தவர்கள் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்கள். நான் வெளிப்பக்கப் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலைத் தாண்டியதும் டிரில் மாஸ்டர் நின்று, குனிந்து, ஷூவுக்குள் புகுந்த மணலைக் கொட்டினார். கூட்டமும் நின்றது. வசவு மட்டும் நிற்கவில்லை.